நடுவில் வாடகையை ஏற்றச் சொன்னால் என்ன செய்வது? தமிழ்நாட்டில் முதன்முறை வாடகைக்கு வருபவர்களுக்கு

அக்ரிமென்ட் போட்டு நான்கு மாதம்கூட ஆகியிருக்காது. "பக்கத்து போர்ஷன்ல பதினெட்டு தர்றாங்க, நீங்களும் அடுத்த மாசத்துல இருந்து ரெண்டாயிரம் சேர்த்துப் போட்டுடுங்க" என்று ஓனரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வரும். வேலைக்காக சென்னைக்கோ கோவைக்கோ புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பயந்துபோய்க் கேட்டதைக் கொடுத்துவிடுகிறார்கள், அல்லது கோபத்தில் வாடகையையே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது முதலாவதைவிட மோசம். ஏன் என்று கீழே சொல்கிறேன். இரண்டுமே தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. 'நியாய வாடகை' என்று வீட்டின் மதிப்பை வைத்துக் கணக்குப் போட்ட காலம் அது. அப்பாவோ மாமாவோ அந்த நினைப்பில் யோசனை சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி இறங்காதீர்கள். அதற்குப் பதிலாக 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம்தான் இப்போது நகர்ப்புறங்களில் பொருந்தும்.

புதிய சட்டம் வாடகைக்கு உச்சவரம்பு வைக்கவில்லை. ஆண்டுக்கு இத்தனை சதவீதம்தான் ஏற்றலாம் என்று அதில் எங்கும் கிடையாது. பலர் 5 சதவீதம் சட்டம், 10 சதவீதம் சட்டம் என்றெல்லாம் அடித்துச் சொல்வார்கள். அவை ஊர் வழக்கம், அவ்வளவுதான். சட்டம் சொல்வது வேறு: வாடகையை மாற்றுவதென்றால் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறபடிதான் மாற்ற வேண்டும். ஒன்பதாவது பிரிவு இது. தகராறு வந்தால் இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் வாடகை அதிகாரியிடம், அதாவது ரென்ட் அத்தாரிட்டியிடம் மனு கொடுக்கலாம். மாற்றிய வாடகை எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்று அவர் தீர்மானிப்பார். இது பத்தாவது பிரிவு.

ஆகவே சண்டையின் பாதி நீங்கள் கையெழுத்துப் போட்ட நாளிலேயே முடிந்துவிடுகிறது. பத்திரத்தில் இருப்பது உங்களுக்குச் சாதகமாக இருந்தால் ஓனரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. பாதகமாக இருந்தால் சட்டத்தால் உங்களைக் காப்பாற்றுவது கஷ்டம்.

முதலில் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள்

செய்தி வந்த அன்றைக்கே பதில் போடாதீர்கள். "ஓகே சார்" என்று பழக்கதோஷத்தில் தட்டிவிட்டால், நீங்கள் சம்மதித்ததற்கு அதுவே சாட்சியாக நிற்கும். அக்ரிமென்ட்டை எடுத்து மூன்று இடங்களைப் பாருங்கள்.

காலம் எவ்வளவு? பெரும்பாலும் 11 மாதம் என்றிருக்கும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்க வந்த வழக்கம்தான் இந்த 11 மாதம். காலம் முடியாதவரை எழுதிய வாடகைதான் வாடகை.

உயர்வு பற்றி என்ன எழுதியிருக்கிறது? "11 மாதத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் உயர்த்தப்படும்" என்றிருந்தால் தெளிவு. "அப்போதைய நிலவரப்படி உயர்த்தப்படும்" என்றிருந்தால் தலைவலி. எந்த நிலவரம், யார் சொல்லும் நிலவரம்? ஆனால் அந்த வாசகம்கூட வழக்கமாகப் புதுப்பிக்கும் நேரத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும், நடுவில் ஏற்றுவதைப் பற்றியதாக இருக்காது. வாசகத்தை முழுதாகப் படியுங்கள்.

நோட்டீஸ் காலம் எவ்வளவு? ஒரு மாதமா, இரண்டு மாதமா? ஓனருக்கும் உங்களுக்கும் ஒரே அளவா? சில பத்திரங்களில் ஓனர் ஒரு மாத நோட்டீஸில் காலி செய்யச் சொல்லலாம் என்றிருக்கும். அப்படி இருந்தால், "ஏற்ற முடியாது" என்று நீங்கள் சொன்ன மறுநாளே அவர் நோட்டீஸ் கொடுக்கலாம் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் பேச வேண்டும்.

சதவீதக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 12,000 ரூபாய் வாடகைக்கு 5 சதவீதம் என்றால் அடுத்தது 12,600, அதற்கடுத்தது 13,230. பத்து சதவீதம் என்றால் 13,200, பிறகு 14,520, மூன்றாவது தடவை 15,972. 'சும்மா பத்து சதவீதம்தானே' என்பது மூன்று சுற்றில் கிட்டத்தட்ட நாலாயிரம் ஆகிவிடும். அதனால்தான் வீடு பார்க்கும்போதே, அட்வான்ஸைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதையும் பேச வேண்டும். அட்வான்ஸாவது திரும்பி வரும்.

பத்திரமே இல்லையா? 'தெரிந்தவர் வீடு, எதுக்கு அதெல்லாம்' என்று குடியேறியவர்கள் நிறையப் பேர். சட்டம் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் வேண்டும் என்கிறது, அதை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதற்கென்றே அரசின் இணையதளம் இருக்கிறது. முத்திரைத்தாளில் டைப் அடித்து நோட்டரியிடம் முத்திரை வாங்கினால் பதிவு ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அது வேறு, இது வேறு. ஒப்பந்தம் போடவில்லை என்பதையே காரணமாக வைத்து ஓனர் காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்துக்குப் போக முடியும். பத்திரம் இல்லாதவர்கள் வாடகை ஏறுவதற்கு எதிராகக் கொடி பிடிப்பதற்கு முன், "சரி, கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள், ஆனால் இப்போதே எழுதிக்கொள்வோம்" என்று பேசிப் பத்திரம் வாங்குவது புத்திசாலித்தனம்.

எழுத்தில் பதில் கொடுங்கள்

நேரில் பேசினாலும் போனில் பேசினாலும், பிறகு அதை எழுத்தில் போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் போதும், மின்னஞ்சல் இன்னும் நல்லது. ஓனர் வக்கீல் மூலமாகவோ கடிதமாகவோ வாடகை உயர்வு நோட்டீஸ் அனுப்பியிருந்தால் கண்டிப்பாகப் பதில் எழுத வேண்டும். பதில் சொல்லாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக வாதாடுவார்கள்.

மரியாதை குறையாமல், அதே சமயம் வழவழா கொழகொழா இல்லாமல் எழுதலாம். இப்படி:

"வணக்கம் சார். அடுத்த மாதம் முதல் வாடகையை 2,000 ரூபாய் உயர்த்தித் தரும்படி கேட்டிருந்தீர்கள். நமது ஒப்பந்தம் வரும் மார்ச் 31 வரை இருக்கிறது. அதுவரை மாத வாடகை 16,000 என்றும், புதுப்பிக்கும்போது 5 சதவீதம் உயர்வு என்றும் அதில் உள்ளது. அதன்படியே வாடகையைத் தொடர்ந்து 5ஆம் தேதிக்குள் உங்கள் கணக்கில் செலுத்திவிடுகிறேன். புதுப்பிக்கும்போது பேசிக்கொள்வோம். நன்றி."

இவ்வளவு போதும். சட்டப் பிரிவு எண்களை முதல் செய்தியிலேயே எழுதாதீர்கள். எழுதினால் அன்றோடு பேச்சுவார்த்தை முடிந்தது. ஓனர் வயதானவர் என்றால் முதலில் நேரில் போய் "அம்மா, இப்படி இப்படி" என்று சொல்லிவிட்டு வந்து, பிறகு செய்தி அனுப்புங்கள். மேல்மாடியில் குடியிருக்கும் ஓனரிடம் எழுத்தில் மட்டும் பேசினால் அவமானப்படுத்திவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

பழைய வாடகையை ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். "பிரச்சினை தீரட்டும், அப்புறம் மொத்தமாகத் தருகிறேன்" என்பதும், "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்பதும் வாடகைதாரர்கள் தாங்களே வெட்டிக்கொள்ளும் குழி. இரண்டு மாத வாடகை பாக்கியாகி, ஓனர் நோட்டீஸ் கொடுத்த பிறகும் ஒரு மாதத்துக்குள் கட்டவில்லை என்றால், வீட்டைத் திரும்பக் கேட்க அதுவே சட்டப்படியான காரணமாகிவிடும். அதுவரை நியாயம் உங்கள் பக்கம் இருந்திருக்கும். பாக்கி வைத்த பிறகு வழக்கு வாடகை உயர்வைப் பற்றியதாக இருக்காது, வாடகை கட்டாதவரைப் பற்றியதாக ஆகிவிடும்.

ஒப்பந்தத்தில் உள்ள தொகையை வழக்கமான தேதிக்குள் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். ஜிபே, போன்பே என்றால் குறிப்பில் 'ஜூன் வாடகை' என்று மாதத்தோடு எழுதுங்கள். ரொக்கமாக மட்டும்தான் வாங்குவேன் என்பவரிடம் ரசீது கேளுங்கள். வாடகை வாங்கியதற்கு ரசீது கொடுப்பது ஓனரின் கடமை. அலுவலகத்தில் வீட்டு வாடகைப்படிக்கு வரிவிலக்கு கேட்பவர்களுக்கு அந்த ரசீது எப்படியும் தேவைப்படும். ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண்ணும் தேவை. (ரொக்கப் பிடிவாதத்துக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இந்தப் பான் விஷயம்தான்.)

சில ஓனர்கள் கூட்டிய வாடகை வராததால் கொடுத்ததையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அல்லது "முழுசா குடு, இல்லேன்னா வேண்டாம்" என்பார்கள். அப்போது விட்டுவிடக் கூடாது. மணியார்டரிலோ வேறு வழியிலோ தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்புங்கள். வாங்க மறுத்ததற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் வாடகையை வாடகை அதிகாரியிடம் டெபாசிட் செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது. அப்படிச் செய்தால் உங்களை யாரும் பாக்கிதாரர் என்று சொல்ல முடியாது.

பேரம்

உண்மையைச் சொன்னால், இந்தத் தகராறுகளில் பெரும்பாலானவை எந்த அதிகாரியிடமும் போவதில்லை. வீட்டு வாசலில்தான் முடிகின்றன. அதனால் பேசத் தெரிய வேண்டும்.

ஓனருக்கு என்ன நெருக்கடி என்று முதலில் பாருங்கள். வீட்டுக்கடன் தவணை ஏறியிருக்கலாம், சொத்து வரி கூடியிருக்கலாம். சொத்து வரி, உங்கள் பத்திரத்தில் வாடகைதாரர் கட்ட வேண்டும் என்று இல்லாதவரை, அவர் கணக்கு. ஆனாலும் அடுத்த புதுப்பிப்பில் அதை மனதில் வைத்துப் பேசுவதில் தவறில்லை. நீங்கள் காலி செய்தால் அவருக்கும் செலவு உண்டு: வெள்ளையடிக்க வேண்டும், ஒரு மாதமாவது வீடு பூட்டிக் கிடக்கும், வரப்போகிறவர் எப்படிப்பட்டவரோ என்ற கவலை வேறு. ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் 16,000 ரூபாய் நஷ்டம். நீங்கள் தர மறுக்கும் ரெண்டாயிரத்தை எட்டு மாதம் சேர்த்தால்தான் அது ஈடாகும். இந்தக் கணக்கை அவரிடம் அன்பாகச் சொல்லலாம்.

உங்கள் பக்கக் கணக்கையும் போடுங்கள். மாறினால் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, லாரி, புது அட்வான்ஸுக்கு மொத்தமாகப் பணம், பிள்ளைகள் இருந்தால் பள்ளி தூரம். நடுவில் ஏற்றச் சொல்வது தவறுதான், ஆனால் மாதம் 500 ரூபாய்க்காக 40,000 ரூபாய் செலவழித்து வீடு மாறுவதும் வீம்புதான். என் யோசனை: நடுவில் ஏற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள், ஆனால் அடுத்த சுற்றை இப்போதே பேசி முடித்துவிடுங்கள். "இப்போது வேண்டாம் சார். ஏப்ரலில் புதுப்பிக்கும்போது ஐந்துக்குப் பதில் ஏழு சதவீதமாகத் தருகிறேன், ஆனால் இரண்டு சுற்றுக்கு அதற்கு மேல் கேட்கக் கூடாது, எழுதிக்கொள்வோம்." இப்படிச் சொன்னால் பல ஓனர்கள் இறங்கி வருவார்கள். அவர்களுக்கும் தோற்றுப்போன மாதிரி இருக்காது.

பேரத்தில் அட்வான்ஸையும் கவனியுங்கள். வாடகை ஏறியதால் அட்வான்ஸையும் அதே விகிதத்தில் கூட்டிக் கொடு என்பது அடுத்து வரும் கோரிக்கை. வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதியிருந்தால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். சென்னையில் பத்து மாதம் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது கேட்கவே சிரிப்பாக இருக்கும். ஏற்கெனவே பத்து மாதம் கொடுத்திருந்தால், இன்னும் கூட்ட வேண்டாம் என்று வாதாடவாவது இது உதவும்.

அதிகாரியிடம் போவது

பேச்சு முறிந்துவிட்டால் வாடகை அதிகாரியிடம் மனு. துணை ஆட்சியர் பதவிக்குக் குறையாதவர் அவர். உங்கள் பகுதிக்கு யார் என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் தெரியும். மனுவோடு ஒப்பந்த நகல், பதிவு எண் இருந்தால் அது, வாடகை கட்டிய வங்கி விவரம், ஓனரின் செய்திகளின் நகல், நீங்கள் எழுதிய பதில் எல்லாவற்றையும் தேதி வரிசையில் வையுங்கள். மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ஓனரின் குணநலன்களைப் பற்றி அதில் எழுதாதீர்கள்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். வாடகையை நிர்ணயிக்கச் சொல்லி நீங்களே மனு கொடுத்தால், அவர் ஏற்றியும் தீர்மானிக்கலாம். உங்கள் வாடகை அந்தத் தெருவிலேயே குறைவு, பத்திரத்திலும் உயர்வு பற்றிய வாசகம் குழப்பமாக இருக்கிறது என்றால் அவசரப்பட்டு அங்கே போகாதீர்கள். பத்திரம் தெளிவாக இருந்தால் தாராளமாகப் போகலாம்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தேசிய உதவி எண் 15100.

தண்ணீரை நிறுத்தினால், கரண்ட்டைத் துண்டித்தால்

வாடகை ஏறாத கோபத்தில் மோட்டாரைப் போடாமல் இருப்பது, மீட்டர் பெட்டியைப் பூட்டுவது, லிஃப்ட்டை நிறுத்துவது இதெல்லாம் நடக்கிறது. அத்தியாவசிய வசதிகளை இரு தரப்பில் யாரும் தடுக்கக் கூடாது என்கிறது 20ஆம் பிரிவு. மனு கொடுத்தால் முழு விசாரணைக்கு முன்பே, வசதியைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி அதிகாரி இடைக்கால உத்தரவு போட முடியும். நடந்த நாளையும் நேரத்தையும் குறித்து, படமோ வீடியோவோ எடுத்துவைத்துக்கொண்டு உடனே போங்கள். இதில் மட்டும் தயங்க வேண்டாம். பூட்டை மாற்றினாலோ சாமானைத் தூக்கி வெளியே போட்டாலோ அது காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய விஷயம். 'சிவில் மேட்டர்' என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். எழுத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்காமல் வராதீர்கள்.

வாடகையை ஏற்றாமல் மின்சார யூனிட் விலையை ஏற்றுவது இன்னொரு வழி. சப் மீட்டருக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள். மெயின்டனன்ஸும் அப்படித்தான்.

வேறு சில நிலைமைகள்

வீடு கைமாறி, புது ஓனர் வந்து வாடகையை ஏற்றச் சொன்னால்: சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின்படி விற்றவரின் உரிமையோடு பொறுப்பும் சேர்ந்தே வாங்கியவருக்கு வருகிறது. பழைய ஒப்பந்தம் முடியும்வரை பழைய வாடகைதான். ஆனால் இனி யாருக்கு வாடகை கட்ட வேண்டும், அட்வான்ஸ் யார் கையில் இருக்கிறது என்று இருவரிடமும் எழுதி வாங்கிய பிறகே புதியவருக்குப் பணம் அனுப்புங்கள்.

வீட்டை மேம்படுத்தியதற்காக ஏற்றினால்: வேலை தொடங்குவதற்கு முன்பே இருவரும் எழுதி ஒப்புக்கொண்டிருந்தால்தான் செல்லும். ஒழுகிய கூரையைச் சரிசெய்ததும் வெள்ளையடித்ததும் மேம்பாடு ஆகாது. வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயிண்ட், குழாய் மாற்றம், வயரிங் எல்லாம் சட்டத்தின் அட்டவணையில் ஓனர் தலையில்தான் இருக்கின்றன.

ஒப்பந்தக் காலம் முடிந்தும் புதுப்பிக்காமல் இருந்தால்: பழைய நிபந்தனைகளிலேயே மாதாமாதம் நீள்வதாகச் சட்டம் கருதும், அதிகபட்சம் ஆறு மாதம். அதற்கு மேல் சும்மா இருந்தால் உங்கள் நிலை பலவீனம். ஆகவே முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே நீங்களாகப் பேச்சைத் தொடங்குங்கள்.

கோயில், வக்ஃபு, அரசு சொந்தமான கட்டடங்கள், நிறுவனம் தன் ஊழியருக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ் போன்றவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாத இடங்கள் உண்டு. அங்கே இருப்பவர்கள் தனியாக வக்கீலைப் பார்த்துவிடுவது நல்லது. கிராம ஊராட்சியில் இருந்தாலும் அப்படித்தான். அங்கே பத்திரம் இல்லாத மாத வாடகைக்குப் பொதுச் சட்டப்படி 15 நாள் நோட்டீஸ் போதும்.

காலி செய்வதென்று முடிவெடுத்தால்

சில நேரம் அதுதான் சரி. ஆனால் கோபத்தில் சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பத்திரத்தில் உள்ள நோட்டீஸை எழுத்தில் கொடுங்கள், கடைசி மாத வாடகையையும் மின்கட்டணத்தையும் கட்டி முடியுங்கள், காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள். அட்வான்ஸை, நியாயமான பிடித்தம் போக, ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். பெயிண்டிங் சார்ஜ் என்று ஒரு மாத வாடகையை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். பத்திரத்தில் இல்லாவிட்டால் எதற்கு, எவ்வளவு என்று பில் கேளுங்கள். சாவி கொடுத்த தேதியைக் குறிப்பிட்டு, பாக்கித் தொகையையும் உங்கள் வங்கிக் கணக்கு எண்ணையும் எழுதி அன்று மாலையே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.